பூசணிக்காய் யாருக்குப் பிடிக்காது

என் வீட்டு ஆட்களுக்குச் சமைப்பதைவிட முப்பது மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் மாட்டுவது சுலபம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். லிப்ட் மெக்கானிக் வேலை எனக்குப் பழகிப்போன வேலை. எந்த லிப்ட் நின்றாலும் ஏதோ ஓர் இடத்தில்தான் பழுது இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். எங்கள் சாப்பாட்டு மேஜையில் பழுது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

முதலில் என் அப்பா. எந்தக் குழம்பை வைத்தாலும், விரல் சோற்றில் படுவதற்கு முன்பே, "உப்பு தூக்கல்" என்பார். சொல்லிவிட்டுத்தான் பிசையவே ஆரம்பிப்பார். அடுத்தது பெரியவள், கல்லூரிக்குப் போகிறவள். அவள் சாப்பிட்டு எழுந்த தட்டைப் பார்த்தால் காய்கறிக் கடை போட்டது போலிருக்கும். வெங்காயம் ஒரு குவியல், தக்காளித் தோல் ஒரு குவியல், கடுகுகூட ஓர் ஓரத்தில் மானமாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் சின்னவன், எட்டாவது படிக்கிறான். கொழகொழவென்று எதுவும் வாயில் படக்கூடாது. எங்கள் வீட்டில் காய்கறிச் சமையல்தான். அதனால் எதைச் சாப்பிட்டாலும், "சாப்பிட்ட மாதிரியே இல்லம்மா" என்று எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் திறப்பான்.

இந்த மூன்று பேரையும் சமாளித்து வந்தவள் என் மனைவி. நகரத்துக் குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இது எந்தத் தொட்டித் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு நாக்கு. அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியாக வேண்டியவள். அதற்கு வேறு ஊரில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். தங்குவதும் சாப்பிடுவதும் அவர்கள் விடுதியில். இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் மாட்டேன் என்றுவிட்டாள். கேட்டால் ஒரே பதில்தான்.

"நான் போயிட்டா இதுங்கல்லாம் பட்டினி கிடக்கும்."

இந்த வருஷம் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்கள். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இவள் போகாவிட்டால் இவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் போவான், திரும்பி வந்து இவளுக்கே மேலதிகாரியாக உட்காருவான். அவனுக்குச் சோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் எரிந்திருக்கும். ஆனால் வெளியில் காட்டாமல் காலிஃபிளவரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினேன். "இந்த வாரம் பூரா நான் லீவு. நான் சமைக்கறேன். இதுங்க மூணும் தட்டைக் காலி பண்ணிட்டா நீ கிளம்பணும். சரியா?"

"உங்களால முடியாதுங்க."

"சரியா, இல்லையா?"

"பாக்கலாம்" என்றாள். அவள் பார்த்த பார்வையில் பரிதாபமும் கொஞ்சம் இருந்தது.

முதல் நாள் நான் அதிபுத்திசாலியாக நடந்துகொண்டேன். பொறுக்கினால்தானே பிரச்சினை, பொறுக்க முடியாதபடி செய்துவிட்டால்? எல்லாக் காயையும் வேகவைத்து மிக்சியில் போட்டு ஒரே ஓட்டாக ஓட்டினேன். நிறம் ஒரு மாதிரி வந்தது. சின்னவன் கரண்டியால் எடுத்தான், கவிழ்த்தான், அது விழவில்லை.

"அப்பா, இதைச் சுவத்துல பூசலாம்."

"அப்போ பூசு" என்றேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊரறிந்த விஷயம். கரண்டியை வைத்த சத்தத்தில் அப்பாகூட உப்பைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மனசு ஆறியதும் யோசித்தேன். நின்றுபோன லிப்டை நான் எப்படிச் சரி செய்வேன்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட்டால் ஒன்றும் விளங்காது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகவில்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்ற வேண்டும். சமையலையும் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பெரியவளுக்காக வெங்காயத்தை மட்டும் மாற்றினேன். அவசரப்படாமல், அடுப்பைக் குறைத்து வைத்து, கொஞ்சம் உப்புத் தூவி, பழுப்பு நிறத்துக்கு வந்து கரண்டியோடு கரைகிற வரைக்கும் கிளறினேன். கை கடுத்தது. இரவு அவள் தட்டில் வெங்காயக் குவியல் இல்லை. அவளுக்கு வெங்காயம் பிடிக்காமல் இல்லை, பாதி வெந்து நறநறவென்று கிடக்கிற வெங்காயம்தான் பிடிக்கவில்லை. கடுகை மட்டும் பொறுக்கிவிட்டாள். அது கைப்பழக்கம், அதை ஆண்டவனாலும் மாற்ற முடியாது.

சின்னவனுக்காகக் காலிஃபிளவரைத் தண்ணீரில் போடுவதை நிறுத்தினேன். காய்ந்த வாணலியில் எண்ணெய் விட்டு, பூக்களை நெருக்காமல் பரப்பி, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கிறவரை தொடாமல் விட்டேன். தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். குழம்பு தனியாகக் கொதித்தது. இறக்கும் நேரத்தில் இரண்டையும் சேர்த்தேன். வயிறு நிறையவில்லை என்பானே, அதற்காக வேகவைத்த கொண்டைக்கடலையில் ஒரு கை எடுத்து நசுக்கிப் போட்டேன், வறுத்த வேர்க்கடலையை அரைத்து ஊற்றினேன். குழம்பு கனமாகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. பையன் ரொட்டியால் வாணலியையே துடைத்தான். பிஸ்கட் டப்பா பக்கம் போகவில்லை.

அப்பா விஷயத்தில்தான் கொஞ்சம் விஷமம் செய்தேன். ஒரு நாள் அவர் கிண்ணத்துக்கு மட்டும் உப்பே போடாமல் எடுத்து வைத்தேன். வந்து உட்கார்ந்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"உப்பு தூக்கல்" என்றார்.

உப்புச் சீசாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரும் ஒரு வாய் வைத்துவிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தட்டும் காலி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறையில் நடந்தேன். மனைவி மட்டும் பிடி கொடுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சூட்கேஸை இறக்குவாள் என்று பார்த்தால், பாத்திரத்தை இறக்கிக் கழுவினாள்.

"இன்னும் என்ன குறை?"

"மூணு மாசங்க. தினமும் ஒரே கடலையையும் காலிஃபிளவரையும் போட்டா இதுங்க தாங்குமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். நுழைகிற இடத்திலேயே பூசணிக்காய் மலை போலக் குவித்திருந்தார்கள். நல்ல மஞ்சள் பூசணி, வெட்டி வைத்த துண்டுகள் பளபளவென்று இருந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பூசணிக்காய் வந்ததே இல்லை. சின்னவனுக்கு ஆகாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சரி, சின்னவனையே பூசணிக்காய் சாப்பிட வைத்துவிட்டால் அவளுக்கு வாயடைத்துவிடும் என்று ஒரு பெரிய துண்டை வாங்கிவிட்டேன்.

நேரமாகிவிட்டதால் இந்தத் தடவை வறுக்கவில்லை. பழுப்பு வெங்காயம், தக்காளி, தேங்காய்ப் பால், கொஞ்சம் மிளகு, பூசணியைப் போட்டு மூடி வேகவிட்டேன். வாசனை ஜோராக இருந்தது. எப்போதும் நாங்கள் சாப்பிட்ட பிறகு சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டு முடிக்கிறவள் அவள். அன்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"பரீட்சை வச்சவளே பேப்பர் திருத்தலைன்னா எப்படி? உக்காரு."

மூடியைத் திறந்தேன்.

"பூசணிக்காயா?" என்றாள் பெரியவள். "தம்பி சாப்பிட மாட்டானேப்பா."

சின்னவன் தலையைத் தூக்கினான். "நானா? நான் பூசணிக்காயைப் பாத்ததே இல்ல. தாத்தாவுக்குத்தானே ஆகாது?"

"எனக்கா?" என்றார் அப்பா. "எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா. உங்க அப்பனுக்கு வாயு புடிச்சுக்கும்னு அதான் வாங்கறதில்ல."

"எனக்கு வாயுவா? யார் சொன்னா?"

"உன் பொண்டாட்டிதான் சொல்லுச்சு."

"அம்மா எங்கிட்ட, அக்கா வாந்தி எடுத்துடுவான்னு சொன்னாங்களே. இல்ல, அது கத்திரிக்காய்க்கு" என்றான் சின்னவன்.

"நான் ஃபிரெண்ட் வீட்டுல கத்திரிக்காய் சாப்பிடறேன்டா" என்றாள் பெரியவள். "நம்ம வீட்டுலதான் தாத்தாவுக்கு அரிக்கும்னு…"

எல்லோரும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பினோம். அவள் தட்டில் ஒரு ரொட்டி இருந்தது. பக்கத்தில், எப்போது எடுத்து வந்தாளோ, பொரித்த உருளைக்கிழங்கு கொஞ்சம். குழம்பு ஒரு சொட்டு இல்லை. வாணலியைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. கல்யாண விருந்துகளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே இருப்பாள், என்ன நல்ல மனசு என்று ஊரே சொல்லும். ஹோட்டலுக்குப் போனால் பொரித்த உருளைக்கிழங்கு மட்டும் சொல்லுவாள், சிக்கனக்காரி என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். கரண்டி அவள் கையில் இருந்ததால் அவளுக்குப் பிடிக்காத எதுவும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவே இல்லை. ஏறாததற்கு மட்டும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமாக நாங்கள் நாலு பேரும் மற்றவருக்காகப் பூசணிக்காயைத் தியாகம் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை, சிங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த சிங்க்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்துங்க. வெந்த காய் வாய்க்குள்ள நழுவினாலே குமட்டிடும். என் நாக்குக்கு எல்லாமே ரெண்டு மடங்காத் தெரியுது. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? பிள்ளைங்களை, தட்டுல வச்சதைச் சாப்பிடுன்னு அதட்டறவ நான்." தேய்ப்பதை நிறுத்தினாள். "பட்டினி கிடக்கப்போறது நீங்க இல்லைங்க. நான்தான். அந்த விடுதியில பெரிய அண்டாவுல வேகவச்சு கரண்டியால ஊத்துவாங்க. வந்திருக்கறவங்கல்லாம் என்னைவிடச் சின்னவங்க. அவங்க முன்னாடி இந்த வயசுல நான் தட்டைப் பொறுக்கிட்டு உக்காரணுமா? வெக்கமா இருக்கு."

கோபப்படுவேன் என்று அவள் நினைத்திருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. எதற்கும் அசராத என் மனைவி, ஒரு கரண்டிக் குழம்புக்குப் பயந்து இரண்டு தடவை பெரிய பதவியை உதறியிருக்கிறாள். பாவமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன்.

வாணலியை அடுப்பில் வைத்தேன். மீதிப் பூசணியைத் துண்டு போட்டு, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் பரப்பினேன். ஓரம் கருகிச் சிவக்கும் வரைக்கும் தொடவில்லை. மேலே உப்பு, மிளகாய்த் தூள், எலுமிச்சை. குழம்பில் போடவே இல்லை. தட்டை நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து முன்பல்லால் கடித்தாள். தண்ணீரைச் சோதிக்கிற முகத்தோடு மென்றாள்.

"நழுவல" என்றாள். இரண்டாவது துண்டை எடுத்தாள்.

"சரி. ஆனா விடுதிக்கு நீங்க வாணலியைத் தூக்கிட்டு வர முடியாதுல்ல" என்று மூன்றாவது துண்டோடு சொன்னாள்.

அப்போதுதான் கவனித்தேன், வாசலில் மூன்று தலைகள். எல்லாவற்றையும் கேட்டிருக்கின்றன. அதட்டலாமா என்று நினைப்பதற்குள் பெரியவள் உள்ளே வந்துவிட்டாள்.

"அம்மா, தட்டைப் பொறுக்கறதுல என்னம்மா வெக்கம்? நான் பொறந்ததுலேர்ந்து பொறுக்கறேன். அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல ரொட்டியை வாங்கிக்கணும். குழம்பை ஓரத்துல ஊத்தச் சொல்லணும். நடுவுல ஊத்த விட்டா அவ்வளவுதான்."

"காய் வேணாம், குழம்பு மட்டும் போதும்னு நேரா கேக்கணும்மா" என்றான் சின்னவன். "சிரிச்சுக்கிட்டே கேக்கணும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கேட்டா ரெண்டு கரண்டி ஊத்துவாங்க. ஸ்கூல்ல அப்படித்தான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "வாய் வைக்கறதுக்கு முன்னாடியே உப்பு அதிகம்னு சொல்லிடணும்மா. அப்புறம் எவ்வளவு மிச்சம் வச்சாலும் ஏன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நான் அவரையே பார்த்தேன். "அப்போ இத்தனை வருஷமா?"

"ஒரு முன்ஜாக்கிரதைதான்" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை வைத்தோம். எங்கள் கம்பெனி கேன்டீனுக்கே போய்ப் பூசணிக் குழம்பு ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி வந்தேன். அதைவிட மோசமான குழம்பு எந்த விடுதியிலும் இருக்க முடியாது என்பதற்கு நான் உத்தரவாதம். காய் தண்ணீரில் மிதந்தது. சின்னவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரிய கரண்டியோடு நின்றான். அவள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் வந்தாள். வரிசைக்காக நானும் அப்பாவும் முன்னால் நின்றோம்.

முதல் தடவை கரண்டி சாய்ந்தது, அவள் வாயைத் திறக்கவே இல்லை. நடுத்தட்டில் குழம்பு விழுந்தது. இரண்டாவது தடவை ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன? கேக்கல. சீக்கிரம், பின்னாடி ஆள் நிக்குது" என்று சின்னவன் விரட்டினான். அந்த வேலைக்கே பிறந்தவன் மாதிரி இருந்தது.

அவள் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். மறுபடி வந்தாள். தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்தாள்.

"எனக்கு வெந்த பூசணிக்காய் பிடிக்காது" என்றாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "எனக்குத்தான் பிடிக்காது. குழம்பு மட்டும் ஓரத்துல ஊத்துங்க."

சின்னவன் ஓரத்தில் ஊற்றினான். அவள் ஒரு நிமிஷம் அந்தத் தட்டையே பார்த்தபடி நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், எதற்கு என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் செய்து வைத்திருந்த பொடியைத் தூவிக்கொண்டாள். வேர்க்கடலை, எள், பூண்டு, மிளகாய் எல்லாம் மொறுமொறுவென்று வறுத்துக் கரகரப்பாக இடித்தது. அதைத் தூவினால் எந்தத் தண்ணீர்க் குழம்பிலும் பல்லுக்குக் கடிக்க ஏதாவது கிடைக்கும். முடித்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"பெரிய சூட்கேஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்த அன்று மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். சுற்றிலும் தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம் கேட்டது.

"சாப்டியா?" என்றேன். மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"சாப்டேங்க. இன்னிக்கு சுரைக்காய். அண்டாவுல மிதந்துச்சு."

"சொன்னியா?"

"சொன்னேன். காய் எனக்குப் பிடிக்காது, குழம்பு மட்டும் ஓரத்துல ஊத்துங்கன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்."

"அதுக்கு ஊத்தறவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். "ஓரத்துல ஊத்தினாரு. அவ்வளவுதான். அவ்வளவுதாங்க இருந்துச்சு."

அப்பா தன் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். உள்ளே கத்திரிக்காய். ஒரு துண்டை எடுத்து, போனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

"உப்பு சரியா இருக்கும்மா."